நன்றித் தாம்பாளம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம், தத்துவத்தில் முதுகலைப் பட்டம். ஆய்வுக்கான நேர்முகத் தேர்வு அக்டோபரில். அதுவரை இங்கேதான்.

வாசலில் வேன். ஒன்றரை வருடமாக அதை மூடியிருந்த தார்ப்பாயைக் காணவில்லை. அப்பா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா பெனி. பாத்தியா, கழுவி விட்டுருக்கேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாராங்கன்னு சிங்காரிச்ச மாதிரி நிக்குல்லா?"

யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை எழுதிவைக்கிறேன். எனக்கே தெளிவாக இருக்கட்டும்.

அப்பா, தேவஇரக்கம், இருபது வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். போன வருடம் பிப்ரவரியில் வேனுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். வலிப்பு. அடுத்த மாதம் மறுபடி, சோற்றில் கைவைத்தபடி. டாக்டர் மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நிறுத்தக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. அப்பா வேனைத் தார்ப்பாயால் மூடினார்.

இந்த ஜூலையில் சபையில் உபவாச ஜெபம். முடிவில் அப்பா எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் என்னைக் குணமாக்கினார், ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்கிறவர் இனித் தனக்குத் தேவைப்படாத ஒன்றை, மேடைக்கு முன் நீட்டப்படும் பித்தளைத் தாம்பாளத்தில் வைப்பார். நன்றித் தாம்பாளம் என்று பெயர். ஊன்றுகோல் வைத்திருக்கிறார்கள். பீடிக்கட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கையில் படியில் தடுக்கி விழுந்தார்.

அப்பா மாத்திரைகளை வைத்தார்.

தாம்பாளத்தை ஏந்தி நின்றவள் அம்மா. எல்லோருடைய ஆமெனையும்விட அவளுடையது சத்தமாக இருந்ததாம். போனில் அவளே சொன்னாள்.

மாத்திரையை விடுங்கள் என்று பாஸ்டர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதில்லை என்பதை அடிக்கடி சொல்வார்.

செப்டம்பர் பதினான்கு, ஆண்டு ஸ்தோத்திர ஆராதனை. அன்று அப்பா வேனை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போய் விசுவாசிகளை ஏற்றிவருவார். அது அவருடைய நன்றி. மறுநாள் முதல் பள்ளிப் பிள்ளைகள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

"மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு நன்றியும் சொல்லலாமேப்பா?"

"எம்மா, ஒருத்தரு ஆசையா உனக்கு ஒண்ணு குடுக்காரு. ரொம்ப நன்றின்னு வாங்கிட்டு, நேரா கடைக்குப் போயி அதே சாமானக் காசு குடுத்தும் வாங்குனா, அவரு மனசு என்ன பாடுபடும்?"

"அவருக்கெல்லாம் மனசு சங்கடப்படுமா?"

"ஒனக்குச் சங்கடப்படுதுல்லா? அந்த மனச யாரு குடுத்தா?" சிரித்தார். "கீழ்ப்படியறதுக்குப் புரியணும்னு இல்ல, பெனி. கீழ்ப்படிஞ்சா போதும். ஆசீர்வாதம் பொறத்தால வரும்."

அடுக்களையிலிருந்து அம்மா. "தர்க்கம் பண்ணாதட்டி. அப்பாவோட ஆசீர்வாதத்துக்குக் குறுக்க நிக்காத."

நன்றி சொல்ல எதிரே ஒருவர் வேண்டும். எனக்கு எதிரே யாரும் இல்லை. அப்பாவுக்கு இருக்கிறார். இது பொறாமை என்றால் பொறாமைதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு வரை போய்வந்தேன். பேனா வாங்க.

சாயங்காலம் சின்ன உரலில் மிளகு இடித்தேன். தொண்டை வலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, சனி

இனிக் காலைக் காபியும் இரவுப் பாலும் நான் போடுகிறேன் என்றேன். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள்.

"காபி, பாலு நீ போடு. சோறு, கறி, சட்னியில கை வைக்காத. அவியளுக்கு எங்கைப் பக்குவந்தான் பிடிக்கும்."

இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு அடுக்களையில் எல்லை குறித்தாயிற்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

"காபி கசக்கே."

"சிக்கரிப்பா."

சர்க்கரையைக் கூட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அன்று பேனா வாங்கப் போகவில்லை. இடித்தது மிளகும் இல்லை.

மருந்துக் கடையில் அப்பாவின் பழைய சீட்டைக் காட்டினேன், கொடுத்தார்கள். மாத்திரை அட்டைகள் புத்தக மூட்டைக்குள் இருக்கின்றன. காலையில் ஒன்று காபியில், இரவில் ஒன்று பாலில். டாக்டர் சொன்ன அளவு, துளியும் கூடாமல் குறையாமல்.

இங்கே ஒரு மனிதர் தினமும் கண்மூடிக் குணத்துக்காக நன்றி சொல்கிறார். அந்தக் குணத்தை நான் உரலில் இடித்துக்கொண்டிருக்கிறேன். இது பொய் அல்ல, காப்பாற்றுதல் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, இரண்டும்தான் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா வந்தாள், கையில் முறுக்கு டப்பா.

"யாரு, பெனினாவா? தத்துவம் படிச்சியாமே. படிச்சு என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"இன்னும் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

"பொறவு என்ன, எங்களை மாதிரிதான். அதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமா?"

நன்றாகச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்தது. அம்மா டப்பாவை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். அவள் போன பிறகு ஒரு முறுக்கு கேட்டேன்.

"நமுத்துப் போயிருக்கும்" என்றாள், திறந்துகூடப் பார்க்காமல்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அப்பா நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டார். சாயங்காலம் மறுபடி, அதே தோள், அதே கதவு.

நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்குகிறார். "சமாதானமா வருது தூக்கம். ஸ்தோத்திரம்" என்கிறார்.

செப்டம்பர் 4, வியாழன்

பாட்டுப் புத்தகத்தில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். நடக்கும்போது கால்களை அகட்டி வைக்கிறார், ஓடும் பஸ்ஸுக்குள் நடப்பவரைப் போல.

நோய் திரும்புகிறது. நான் வருவதற்கு முன் மாத்திரையே இல்லாமல் போன வாரங்கள் இப்போது வேலையைக் காட்டுகின்றன. வேறு என்ன?

போனில் தேடினேன். தள்ளாட்டம், தூக்கம், இரட்டைப் பார்வை என்று ஓரிடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அது இந்த மருந்தை அளவு மீறிச் சாப்பிடுபவர்களுக்கு. இவருக்கான அளவு என் கையில் இருக்கிறது. பக்கத்தை மூடினேன்.

இன்று சட்னியும் கசக்கிறது என்றார். காபி கசப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். சட்னி கசப்பது நாக்கின் கோளாறு.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாஸ்டர் பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிப் பேசினார். பத்துப் பேர் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். போய் ஆசாரியர்களிடம் உங்களைக் காட்டுங்கள் என்கிறார் இயேசு. அந்தக் காலத்தில் ஆசாரியன் உடம்பைப் பார்த்துச் சொன்னால்தான் ஊருக்குள் விடுவார்கள் என்று பாஸ்டர் விளக்கினார். போகிற வழியில் பத்துப் பேரும் குணமாகிறார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான்.

"அந்த ஒருத்தனா இருப்பீங்களா, மத்த ஒம்பது பேரா இருப்பீங்களா?"

அப்பா கையை உயர்த்தினார். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆவியின் அசைவு என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இருவரும் பாட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சப்பாத்திக் கட்டையில் வெள்ளையாக மாவு. நான் வந்ததிலிருந்து இந்த வீட்டில் சப்பாத்தி சுடவில்லை. அம்மாவுக்குக் கட்டையைக்கூடக் கழுவ முடியாத அளவுக்குக் கவலை. கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கிளப்புவதற்கு முன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஜெபித்தார். இருபது வருடமாக அப்படித்தான். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்தும் ஆமெனுக்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார். இன்று அவர் ஆமென் சொன்னார். நான் பெல்ட் போட்டேன்.

முதல் வளைவு சரி. சந்தை ரோட்டில் எதிரே பஸ் வந்தது.

"ஏ பெனி, ரெண்டு பஸ் வருதே. எதுக்கு வழி விடட்டும்?"

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டார்.

"இடது பக்கம் ஒடிங்கப்பா. ஒடிங்க!"

சக்கரம் சாக்கடை விளிம்பில் ஏறி நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"காத்துட்டாரு பாத்தியா. ஸ்தோத்திரம் சொல்லு."



அம்மாவிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம அப்பா ஓட்டக் கூடாது. ரெண்டு பஸ் தெரியுதாம்."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சாட்சி சொன்னவிய. இனிமே வேண்டாம்னு யாரு சொல்லுவா? நீ சொல்லுதியா?"

"நீ சொல்லும்மா."

"எனக்கும் பயந்தாண்டி" என்றாள், வெங்காயத்திடம். பிறகு கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாக இருக்கலாம்.

செப்டம்பர் 13, சனி

சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அப்பா வீடு முழுக்கத் தேடினார், கோபமே இல்லாமல், பாடிக்கொண்டே. எதையாவது ஓங்கி எறிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் சோறு வடிக்க அரிசி அள்ளியபோது அம்மா கையில் சாவி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்தது அவளுக்கு. ஆனாலும் அப்பா அங்கே நின்றார், கையை நீட்டிக்கொண்டு.

கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா வெள்ளைச் சட்டை போட்டார். பொத்தான் ஒன்று மாறியிருந்தது, அம்மா சரிசெய்தாள். இட்லி, சட்னி. அதன் பிறகு நான் போட்ட காபி. ஓட்டத்தான் போகிறார் என்றால் மாத்திரையோடு ஓட்டட்டும். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னைக்கும் கசக்கு. ஆனாலும் ஸ்தோத்திரம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போனார்.

டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் அம்மா. ஆராதனைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு சப்பாத்திக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்தாள். ஈர விரலில் ஏதோ ஒட்டியிருந்தது. மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள், சிவப்பு எழுத்து. என் புத்தக மூட்டைக்குள் இருக்கும் அதே எழுத்து.

"எதுலம்மா போட்ட?"

அம்மா குழாயை மூடினாள்.

"அம்மா!"

"சட்னியில." பிறகு மெதுவாக, "நீ எதுக்குட்டி கேக்க?"

டம்ளரை நீட்டினேன். அடியில் வெள்ளையாக வண்டல்.

அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆண்டவரே" என்றாள். ஜெபத்தில் சொல்கிற மாதிரி அல்ல. தெருவில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

ஓடினோம்.

வேன் கிளம்பவில்லை. அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். சாவி போட்டிருந்தது. கதவுக்குக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஜெபம் பண்ணுதாவ."

"அம்மா, சாவிம்மா..."

"ஆமென் சொல்லட்டும்."

சொல்லிவிட்டு வேனுக்கு முன்னால் போய் நின்றாள், பம்பர் வயிற்றில் படும்படி. பட்டுப்புடவை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கிளப்பினால் அவள்மேல்தான் கிளப்ப வேண்டும். நான் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றேன். என் வாழ்நாளில் ஓர் ஆமெனுக்காக நான் இப்படிக் காத்திருந்ததில்லை. அது வரக் கூடாது என்றும் வர வேண்டும் என்றும்.

ஆமென் வரவில்லை. குறட்டை வந்தது.

அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தலையசைத்தாள். கதவைத் திறந்து சாவியை உருவினேன். அந்தச் சத்தத்தில் அப்பா நிமிர்ந்தார்.

"ஆமென்" என்றார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் அழுதிய?"

அம்மா சொன்னாள். வேனின் படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள். நீங்கள் சாட்சி சொன்ன மறுநாளிலிருந்து என்றாள். நான் வந்த வாரத்திலிருந்து என்றேன் நான். அப்பா இருக்கையிலிருந்து அசையவில்லை. வெகுநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கொணமாகல."

அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு மாத்திர ஏது லில்லி? நான் தாம்பாளத்துலல்லா வச்சேன்?"

அம்மா முந்தானையைப் பிழிந்தாள். "பாஸ்டரம்மாதான். மறுநாளே முறுக்கு டப்பாவுல வச்சுக் கொண்டாந்துட்டா. தீரத் தீரக் கடையில வாங்கிக் கொண்டாருதா. கர்த்தருக்குக் குடுத்தத நான் குப்பையில போட மாட்டேன், கொடுத்தவுக வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவேன்னு சொன்னா. எனக்கு மட்டும் இல்ல போல."

அப்பா அண்ணாந்து பார்த்தார். வேனின் கூரையைத்தான். பிறகு தோள் குலுங்கியது. மறுபடி வலிப்போ என்று பாய்ந்தேன். சிரிப்பு. அழுகையும் இருந்தது.

"ரெண்டு பஸ் தெரியாம என்ன செய்யும்?" என்றார்.

இப்போதே ஆஸ்பத்திரிக்கு என்றேன். சபைக்குப் போய்விட்டுத்தான் என்றார். அந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். ஊர்களில் காத்திருந்தவர்களுக்கு அம்மா போன் போட்டு ஆட்டோவில் வரச் சொன்னாள். நாங்களும் ஆட்டோவில் போனோம். அம்மா ஒரு தோள், நான் ஒரு தோள்.

சாட்சி நேரம் வந்தது. அப்பா எழுந்தார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தாம்பாளத்தை இந்த முறை பாஸ்டரம்மா ஏந்தியிருந்தாள்.

"ஜூலையில இங்க நின்னு கொணமாயிட்டேன்னேன். மாத்திரைய விட்டுட்டேன்னேன். விடல. எனக்கே தெரியாம தின்னுருக்கேன். வீட்டுக்காரி ஒரு பக்கம் போட, மக ஒரு பக்கம் போட, டபுளா தின்னுருக்கேன்."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நின்றுவிட்டது.

"இம்புட்டு நாளா நான் விழாததுக்கு அந்த மாத்திர காரணமா, ஆண்டவரு காரணமான்னு வார வழியெல்லாம் யோசிச்சேன். எனக்குப் பிரிக்கத் தெரியல. பிரிக்கணும்னும் தோணல. போன வாரம் பாஸ்டரு சொன்னாவல்லா, திரும்பி வந்து நன்றி சொன்ன ஒருத்தன். அவனா இருக்கணும்னு கையத் தூக்குனேன். ஆனா அவன் மொதல்ல, போய்க் காட்டுன்னு சொன்னதும் போனவன். நான் காட்டப் போகாமலே திரும்பி வந்துட்டேன். கீழ்ப்படியாமலே நன்றி சொல்லிட்டேன். இன்னைக்கு எம் பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் வேனுல ஏறாத பள்ளிக்கூடப் பிள்ளையளச் சொல்லுதேன். அதுக்கு ஸ்தோத்திரம். இங்கயிருந்து நேரா டாக்டர்ட்ட காட்டப் போறேன்."

கையை நீட்டினார். என்னிடமிருந்த வேன் சாவியைக் கொடுத்தேன். தாம்பாளத்தில் வைத்தார். பித்தளையில் சாவி பட்ட சத்தம் கேட்டது.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். இருபது வருடச் சபையில் ஒரு சாட்சிக்கு ஆமென் விழாமல் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஆமென்."

பாஸ்டரம்மா. தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இன்னொரு ஆமென். தூணுக்குப் பக்கத்தில் ஒன்று. பின்னால், ஜன்னலோரம், கைக்குழந்தையோடு இருந்தவள். எல்லாப் பெண்களும் அல்ல. அங்கங்கே, ஒவ்வொருத்தியாக.

ஆண்கள் திரும்பித் தங்கள் தங்கள் மனைவிகளைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரி. படுக்கவைத்திருக்கிறார்கள். இரத்தத்தில் மருந்து மிக அதிகம், இறங்கட்டும் என்கிறார் டாக்டர். நல்ல வேளை வந்தீர்கள் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டார். நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினோம்.

பள்ளிப் பிள்ளைகளை இன்று வேறு வேன் ஏற்றிப்போனது.

செப்டம்பர் 18, வியாழன்

வீடு. இப்போதைக்கு ஓட்டக் கூடாது. எப்போதும் கூடாமல் போகலாம். நானும் அப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தார்ப்பாயை இழுத்து வேனை மூடினோம். அவர் முடிச்சுப் போட்டார். முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார், சாவியைத் திருப்பிக் கொடுக்க. உட்காரவில்லை.

"நான் யார்ட்டயும் மாத்திரைய விடச் சொன்னதில்ல, பிரதர்."

"சொல்லல பாஸ்டர். விடாதன்னும் சொல்லல."

பாஸ்டர் தரையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சொல்லுதேன்" என்றார். போகும்போது, "வீட்டுல அந்த முறுக்கு டப்பாவ வாங்கிட்டு வரச் சொன்னா." அம்மா எடுத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு முறை உள்ளே பார்த்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை. அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், மறைக்காமல், முழுதாக. அப்பா வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். சோற்றுக்கு ஜெபிப்பதைவிட நீளமான ஜெபம். மருந்து செய்தவர்களுக்கு, டாக்டருக்கு, பாஸ்டரம்மாவின் டப்பாவுக்கு, லில்லியின் சப்பாத்திக் கட்டைக்கு, பெனியின் உரலுக்கு. காபி ஆறிக்கொண்டிருந்தது.

முடித்து, மாத்திரையை விழுங்கி, காபியைக் குடித்தார். கசக்கவில்லை என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இப்ப ஆமென்னு சொன்னது நீயாட்டி?"

இருமினேன் என்றேன்.